பிபிஎஸ் ஒழுங்காக வருகிறது, ஆனால் டைம் சர்வர் 1 விநாடி பிந்துகிறது

கேள்வி:
மற்ற கணினிகளுக்கு நேரம் கொடுக்க ஒரு டைம் சர்வர் வைத்திருக்கிறேன்: ராஸ்பெர்ரி பை 4 குட்டிக் கணினி, நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல். பிபிஎஸ் (விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பு) பையின் ஜிபிஐஓ 18 பின்னில், என்எம்இஏ (நேரம், இடம் முதலியவற்றைச் சொல்லும் எழுத்து வரிகள்) சீரியலில் 9600 பாட் வேகத்தில். அதில் நேரமும் தேதியும் தரும் ஆர்எம்சி வரி மட்டும் வரும்படி வைத்திருந்தேன். நேரம் சில மைக்ரோ விநாடிக்குள் சரியாக நின்றது. நீண்ட நேரம் கரண்ட் போய் வந்த பிறகு சரியாக 1 விநாடி பிந்துகிறது. பிபிஎஸ் எல்இடி ஒழுங்காகத்தான் மின்னுகிறது. ஆன்டெனா கோளாறா?

பதில்:
ஆன்டெனாவைத் தொடாதீங்க. விநாடி எங்கே தொடங்குகிறது என்பது மட்டும்தான் பிபிஎஸ்ஸில் இருக்கிறது. அது எத்தனையாவது விநாடி என்று சொல்வது என்எம்இஏ.

உங்கள் செட்டிங்ஸ் பேட்டரியில் நிற்கும் ரேமில் இருந்தது. அந்தக் குட்டி பேட்டரி இறங்கியதும் எல்லா வரிகளும் திரும்ப வந்துவிட்டன. 9600 பாடில் விநாடிக்கு 960 எழுத்துதான் போகும். ஆர்எம்சி முதலில், இடமும் நேரமும் தரும் ஜிஎல்எல் கடைசியில்; நடுவில் சாட்டிலைட் பட்டியலான ஜிஎஸ்வி, 4 சாட்டிலைட்டுக்கு ஒரு வரி வீதம். மொத்தம் 500 எழுத்து தாண்டினால் ஜிஎல்எல் வந்து முடிய அரை விநாடிக்கு மேல் ஆகும். மென்பொருள் ஜிஎல்எல் நேரத்தை எடுத்துக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் அடுத்த துடிப்போடு கோத்துவிடும். அதுதான் அந்த 1 விநாடி. சாட்டிலைட் எண்ணிக்கை மாற மாற, கோளாறு வந்து வந்து போகவும் செய்யும்.

ஆர்எம்சி தவிர மற்றதை நிறுத்துங்க. 70 எழுத்துக்கு 73 மில்லி விநாடி போதும், பாட் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கட்டளைகளை பை பூட் ஆகும்போதெல்லாம் ஸ்கிரிப்டிலிருந்து அனுப்புங்க; பேட்டரியை நம்பவே வேண்டாம்.

இன்னொருவர்:
பிழையின் அளவை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். சரியாக 100 மில்லி விநாடி பிந்தினால், துடிப்பு தொடங்கும் இடத்துக்குப் பதில் அது முடியும் இறங்கு விளிம்பைப் பிடிக்கிறீர்கள். துடிப்பின் அகலம் வழக்கமாக அவ்வளவுதான். முழு விநாடிகளாக முந்தினால் லீப் செகண்ட், அதாவது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் விநாடி. 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் யூடிசியைவிட 18 விநாடி முன்னே. பழைய ஃபர்ம்வேரில் 15 என்றிருந்தால் நேரம் 3 விநாடி முந்தும். சரியான எண் சாட்டிலைட் செய்தியில் வரும். முழுச் செய்தி ஒரு சுற்று வர 12.5 நிமிடம். அதுவரை அந்த சர்வரை யாருக்கும் திறந்துவிடாதீங்க.

கேட்டவர்:
நன்றி. ஆன்டெனா கேபிள் ஆர்ஜி-58, 20 மீட்டர். சிக்னல் அதைக் கடக்கும் தாமதத்துக்கும் ஈடு கொடுக்கணுமா?

பதில்:
மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி, ஆக 100. துடிப்பு வந்ததைப் பை கவனிக்க ஆகும் இன்டரப்ட் தாமதமே மைக்ரோ விநாடிக் கணக்கில் ஆடும், இந்த 100 அதில் தெரியாது. துடிப்பை நேராக கவுண்டரில் (நேரத்தை நுட்பமாக அளக்கும் கருவி) கொடுத்து அளக்கும்போது மட்டும் அந்த ஈட்டைப் போடுங்க.