வாழைப்பழ எஸ்டரில் புளிப்பு வாடை: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஆய்வகத்தில் ஐசோஅமைல் அசிட்டேட் தயாரித்தேன், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் வாழைப்பழ மணமுள்ள எஸ்டர். 11 மி.லி. ஐசோஅமைல் ஆல்கஹால், 6 மி.லி. தூய அசிட்டிக் அமிலம், சில துளி அடர் கந்தக அமிலம். வெந்நீர்த் தொட்டியில் 15 நிமிடம். வாழைப்பழ மணம் நன்றாகவே வந்தது. ஆனால் கூடவே வினிகர் நெடியும், இருமலை வரவழைக்கும் இன்னொரு வாடையும் இருந்தன. தண்ணீரில் ஒருமுறை கழுவி, மேல் அடுக்கைக் குப்பியில் மூடி வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் புளிப்பு இன்னும் கூடியிருக்கிறது. மூடிய குப்பிக்குள் எப்படிக் கூடும்? இதன் பயன்களையும் ரெக்கார்டில் எழுத வேண்டும்.

பதில் 1

தம்பி, இருமல் வரவைப்பது வினைபுரியாமல் மிஞ்சிய ஆல்கஹால். உங்கள் அளவைக் கணக்கிட்டால் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் ஏறக்குறைய 0.1 மோல், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில் சமம். இந்த வினை இரு திசையிலும் ஓடும். சமநிலை மாறிலி சுமார் 4. சம மோல் எடுத்தால் எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும். 15 நிமிடத்தில் அதுவும் ஆகியிருக்காது.

அசிட்டிக் அமிலத்தை இரண்டரை மடங்காக்குங்கள், 15 மி.லி. போதும். விளைச்சல் 88 சதவீதம் வரை போக வாய்ப்புண்டு. ஆல்கஹாலை ஏன் கூட்டக்கூடாது? அது 131 டிகிரியில் கொதிக்கிறது, எஸ்டர் 142இல். இவ்வளவு நெருக்கத்தில் காய்ச்சிப் பிரிப்பது பெரும்பாடு. மிஞ்சிய அமிலத்தைச் சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவியே வெளியேற்றிவிடலாம். நீங்கள் விட்டது அந்தப் படியைத்தான். பிரிபுனலில் (அடுக்குகளைப் பிரிக்கும், அடியில் திறப்புக் குழாயுள்ள புனல்) கார்பன் டை ஆக்சைடு பொங்கும். குழாயை அடிக்கடி திறந்து அழுத்தத்தை வெளியே விடுங்கள்.

குப்பியில் புளிப்பு கூடியதற்கும் இதே வினைதான் காரணம், இம்முறை பின்னோக்கி. எஸ்டரில் கொஞ்சம் தண்ணீரும் அமில மிச்சமும் தங்கியிருந்தன. அமிலமே வினையூக்கியாகி எஸ்டரைத் திரும்பவும் அசிட்டிக் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் உடைத்திருக்கிறது.

குளிர்விப்பான் பொருத்தி ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஆனால் திறந்த தீச்சுடர் வேண்டவே வேண்டாம். எஸ்டரின் ஆவி 25 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும்.

பதில் 2

பயன்கள்: உணவு எசன்ஸ், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சுக்குக் கரைப்பான். எனக்கு மிகவும் பிடித்தது முகமூடிச் சோதனை. பாதுகாப்பு முகமூடி அணிந்தவருக்கு வாழைப்பழ மணம் தெரிந்தால், எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிவதால்தான் இது முடிகிறது.

இன்னொன்று, முக்கியமாகச் சொல்கிறேன். தேனீ கொட்டும்போது வெளிவிடும் எச்சரிக்கை மணத்தில் இதுதான் முதன்மையான பொருள், 1962இல் கண்டறிந்தார்கள். கையில் இந்த வாசனையோடு கூட்டுப் பக்கம் போகாதீர்கள். நான் தேனீ வளர்க்கிறேன், அந்த நேரத்தில் அவை எப்படிப் பாயும் என்று பார்த்திருக்கிறேன். அப்புறம், ஆய்வகத்தில் செய்ததைச் சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன், வினிகர் நெடி அறவே இல்லை. ஆனால் காய்ச்சி வடிக்கும்போது 100 டிகிரிக்குக் கீழேயே கலங்கலாக ஏதோ இறங்குகிறது. எஸ்டர் அழிகிறதா?

பதில் 1

அழியவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கிறது. தண்ணீரும் எஸ்டரும் சேர்ந்தால், தனித்தனிக் கொதிநிலைகள் இரண்டுக்கும் கீழேயே ஒன்றாக ஆவியாகி வரும். குளிர்ந்ததும் பிரிந்து கலங்கலாகத் தெரியும். கலங்கியதைக் கொட்டிவிடாதீர்கள், எல்லாவற்றையும் ஒன்று சேருங்கள். உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட்டைப் போட்டு வையுங்கள். தூள் கட்டிதட்டினால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். குலுக்கும்போது சில துகள்களாவது தனியாக மிதக்க வேண்டும், அதுதான் அடையாளம். வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிக் கருவியில் மறுபடி காய்ச்சி வடியுங்கள்.

கேட்டவர்

முதலில் போட்டது முழுக்கக் கட்டியாகிவிட்டது. மூன்றாவது கரண்டியில்தான் துகள்கள் மிதந்தன. இப்போது 138இல் தொடங்கி 142 வரை தெளிவாக இறங்கியது. கண்ணாடிக் குப்பியில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.