பழைய ஹீலியோஸ் லென்ஸ்: தூரம் மட்டும் மங்கல்

கேள்வி (கும்பகோணம்): ஹீலியோஸ் 44-2 லென்ஸ், அதை மாட்ட எம்42 (பழைய மரை வகை) அடாப்டர், சோனி ஏ7 III கேமரா. கிட்டக் காட்சி பளிச்சென்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் கலசம் மங்கல். ஷட்டரும் விழவில்லை.

பதில் (திருவையாறு): அடாப்டர் தடிமனைப் பாருங்கள். லென்ஸ் மாட்டும் முகத்திலிருந்து சென்சார் வரை எம்42-க்கு 45.46 மி.மீ. தூரம், சோனிக்கு 18, ஆக அடாப்டர் 27.46 இருக்கணும். 0.1 மி.மீ. கூடினாலே 58 மி.மீ. லென்ஸ் சுமார் 34 மீட்டருக்கு மேல் எட்டாது. வெர்னியரில் நாலு பக்கமும் அளந்து பாருங்கள். லென்ஸ் மரை முழுசாக இறங்காவிட்டாலும் இதே கோளாறுதான். ஷட்டருக்கு, மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' அனுமதியை இயக்குங்கள்.

பதில் (மயிலாடுதுறை): லென்ஸ் துளையை எஃப்2-க்கு முழுசாகத் திறந்து, திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் பிடியுங்கள், பிறகு எஃப்8-க்கு மூடுங்கள். பீக்கிங் கோட்டை (ஃபோகஸ் ஆன விளிம்பைக் கேமரா நிறமிட்டுக் காட்டுவது) மட்டும் நம்பாதீர்கள், எஃப்2-இல் ஏமாற்றும்.

ஐப்பசி அடைமழையில் லென்ஸைத் தோல் உறைக்குள் வைக்கவே வேண்டாம், பூஞ்சை நிச்சயம். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40–50 சதவீதம். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி தெரியும்.