9 மாதத்தில் நடந்தானாம்! வாக்கர் வேண்டுமா, வேண்டாமா?

கொள்ளிடக்கரையாள்:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு பெரியம்மா போட்ட செய்தியைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "என் பேரனை 6 மாதத்திலேயே வாக்கரில் போட்டோம், 9 மாதத்தில் நடந்துவிட்டான். உன் பெண் 11 மாதம் ஆகியும் சுவரைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறாள், கால்சியம் குறைவா என்று பார்" என்று எழுதியிருக்கிறார். கீழே ஆறு பேர் அதற்குக் கட்டைவிரல் வேறு தூக்கியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் வாக்கர் இருந்தது. மாமியார் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. போன புதன்கிழமை காலையில் பருப்பு பொங்கி வழிகிறதே என்று அடுப்பைக் குறைக்கத் திரும்பினேன். அவ்வளவுதான் நேரம். கூடத்தில் இருந்தவள் பின்வாசலுக்குப் போய்விட்டாள். முன் சக்கரம் இரண்டும் படிக்கு வெளியே அந்தரத்தில் நிற்கின்றன. பின் சக்கரத்தில் மிதியடி சுருண்டு சிக்கியதால் வண்டி நின்றது. இல்லாவிட்டால் மூன்று படி, அதற்குக் கீழே துவைக்கிற கல். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. அன்றைக்கே அதைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

வாக்கரில் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்று சொல்கிறவர்கள் யாராவது இருந்தால் வந்து விளக்குங்கள்.

விருதுநகர் தாத்தா:
நான் விளக்குகிறேன் தாயி. எனக்குப் பேரன் பேத்தி மூன்று பேர். மூன்று பேரும் வாக்கரில் வளர்ந்தவர்கள்தான். மூத்தவன் 9 மாதத்தில் நடந்தான். சரியாகச் சொன்னால் 9 மாதம் முடிய 5 நாள் பாக்கி. என் கண்ணால் பார்த்தது. பின்வாசல் கதவைச் சாத்தாதது வாக்கரின் குற்றமா? மிதியடியைத்தான் பாராட்ட வேண்டும்.

பிசியோ மதுரை:
ஐயா, குழந்தைகளுக்கான பிசியோதெரபிதான் என் வேலை. இந்தப் பேச்சை வாரத்துக்கு நாலு முறை கேட்கிறேன். வாக்கரில் உட்கார்ந்த குழந்தை நடப்பதில்லை, நுனிக்காலால் தரையை உந்துகிறது. உடம்பின் கனத்தைத் துணி இருக்கை தாங்கிக்கொள்கிறது. முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் காலையே அதனால் பார்க்க முடியாது. விழப்போகும்போது உடம்பை எப்படி நிறுத்துவது என்பதுதான் நடை. அதைப் பழக இந்த வண்டி இடமே கொடுப்பதில்லை.

2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அயர்லாந்துக் குழந்தைகள் 190 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாக்கரில் கழித்த நேரம் மொத்தமாகச் சேர்ந்து 24 மணி நேரம் ஆகும் ஒவ்வொரு முறையும் தனியாக நடப்பது 3.3 நாள் தள்ளிப்போனது. சீக்கிரம் வரவில்லை ஐயா, தள்ளிப்போனது.

விருதுநகர் தாத்தா:
24 மணி நேரமா? எந்தப் பைத்தியக்காரத் தாய் பிள்ளையை 24 மணி நேரம் வாக்கரில் போட்டு வைப்பாள்? நாங்கள் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. அயர்லாந்தில் அப்படி வளர்க்கிறார்கள் போலிருக்கிறது. என் பேரன் 9 மாதத்தில் நடந்தான்.

பிசியோ மதுரை:
ஒரே நாளில் 24 மணி நேரம் இல்லை ஐயா. மொத்தமாகச் சேர்ந்தால். உங்கள் கணக்கில் தினம் ஒரு மணி நேரம் என்றால் 24 நாளில் அது வந்துவிடும்.

விருதுநகர் தாத்தா:
24 மணி நேரம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். இப்போது 24 நாள் என்கிறீர்கள். முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

இரட்டையர் அம்மா:
ஆய்வு எல்லாம் இருக்கட்டும். எனக்கு இரண்டு பேர், 10 மாதம். காலை ஆறரைக்குக் கணவர் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். ஒருத்தனுக்குக் கால் கழுவிவிடும்போது இன்னொருத்தன் கேஸ் சிலிண்டர் குழாயைப் பிடித்து இழுக்கிறான். வாக்கரில் போட்டால்தான் என்னால் ஒரு வாய் காபி குடிக்க முடிகிறது. வேண்டாம் என்பவர்கள் அந்த அரை மணி நேரம் பிள்ளைகளை எங்கே விடுவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாம் எல்லாரும் நடைவண்டி தள்ளி வளர்ந்தவர்கள்தானே? அதற்கு இங்கிலீஷ் பெயர் வைத்தால் வாக்கர். வேறென்ன?

தச்சுப்பட்டறை:
இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உள்ளே வந்தேன். நடைவண்டியையும் வாக்கரையும் ஒன்று என்று சொல்லாதீர்கள் அம்மா. எங்கள் அப்பா செய்த தொழில், நானும் செய்கிறேன். நடைவண்டியில் பிள்ளை உட்காராது. தானாக எழுந்து நிற்கும் பிள்ளைதான் கட்டையைப் பிடித்துத் தள்ளும். கனமெல்லாம் அதன் காலில். வண்டி ஓடினால் பிள்ளை கையை விட்டுவிட்டுத் தொப்பென்று உட்காரும். அதோடு சரி. முன் சக்கரம் ஒன்று, பின்னால் இரண்டு. அச்சில் கொஞ்சம் இறுக்கம் வைப்போம், வழுவழு தரையில் பறந்துவிடக் கூடாது என்று. பிளாஸ்டிக் கடைக்காரனுக்கு அந்த இறுக்கம் தெரியுமா?

இது நேற்று வந்ததும் இல்லை. பட்டினப்பாலையில் "முக்காற் சிறுதேர்" வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டிய மூன்று கால் தேர். 2000 வருஷப் பழக்கம்.

வாத்தியார் மகள்:
அந்த வரியைச் சொல்லும்போது முழுதாகச் சொல்ல வேண்டும். நெல் காயப்போட்ட இடத்தில் கோழியை விரட்டப் பெண் ஒருத்தி காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை சிறுவர் உருட்டும் சிறுதேருக்கு வழியில் தடையாகக் கிடக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்லும் இடம் அது. நடை பழக்கியதாக அங்கே ஒரு சொல் இல்லை. அது விளையாட்டுத் தேர்.

அப்புறம் இந்த 9 மாதத்துக்கும் நம்மிடமே பதில் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் பருவங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கைப் பாருங்கள். 9ஆம் மாதம் சப்பாணி, அதாவது உட்கார்ந்து கைகொட்டுவது. குழந்தையை நடந்து வா என்று அழைக்கும் வருகைப் பருவம் 13ஆம் மாதம். 11 மாதப் பெண் சுவரைப் பிடித்து நிற்பதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கொள்ளிடக்கரையாள்:
அக்கா, இதை அப்படியே எடுத்துக் குடும்பக் குழுவில் போடப்போகிறேன். நேற்றிலிருந்து முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

தச்சுப்பட்டறை:
விளையாட்டுத் தேர் என்றால் மூன்று கால் எதற்கு? நாலு வைத்தால் ஆகாதா? தள்ளிக்கொண்டு நடக்கும்போது திரும்ப வேண்டும் என்பதற்குத்தான் முன்னால் ஒன்று. உளி பிடித்தவனுக்குத் தெரியும்.

வாத்தியார் மகள்:
உங்கள் கணக்குப்படியே வருவோம். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் கடைசிப் பருவம், 21ஆம் மாதம். அதற்குள் பிள்ளை ஓடவே ஆரம்பித்துவிடும். ஓடுகிற பிள்ளைக்கு நடை பழக்கும் வண்டி எதற்கு?

தச்சுப்பட்டறை:
போன மாதம் வசம்பு விவாதத்திலும் இப்படித்தான் புத்தகத்தை விரித்தீர்கள். கடைசியில் உரசிக் கொடுக்கலாமா கூடாதா என்று நீங்கள் சொல்லவே இல்லை.

வாத்தியார் மகள்:
சொன்னேன். கையில் வளையமாகக் கட்டுவது உங்கள் விருப்பம், வாயில் கொடுக்காதீர்கள் என்று மூன்று முறை எழுதினேன். பிறந்த குழந்தையின் நாக்கில் வைக்கும் சேனைத் தேனைப் பற்றியும் சொன்னேன், ஒரு வயதுக்குள் தேன் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம் என்று. நீங்கள் படிக்கவில்லை.

விருதுநகர் தாத்தா:
எனக்குப் பிறந்த அன்றே சேனை வைத்தார்கள். 71 வயதாகிறது, கல்லு மாதிரி இருக்கிறேன். பேச்சை மாற்றாதீர்கள். 9 மாதத்தில் நடந்தானா இல்லையா, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

டொராண்டோக்காரன்:
இங்கே கனடாவில் 2004ல் குழந்தை வாக்கரைத் தடை செய்துவிட்டார்கள். இறக்குமதி கூடாது, விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும்போது கூட வைக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்த மாமி கடை கடையாக ஏறி இறங்கித் தேடினார், கிடைக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் வாக்கர் இல்லாமல்தான் நடந்தார்கள். ஒருத்தி 14 மாதம், ஒருத்தன் 12.

விருதுநகர் தாத்தா:
14 மாதம்! பார்த்தீர்களா? தடை செய்த நாட்டில் 14 மாதம், எங்கள் ஊரில் 9 மாதம். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

டொராண்டோக்காரன்:
ஐயா, அவளுக்கு இப்போது 11 வயது, பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறாள். 14 மாதத்தில் நடந்ததால் என்ன கெட்டுவிட்டது? தடை செய்ததற்குக் காரணம் சீக்கிரம், தாமதம் அல்ல. மண்டை உடைந்ததுதான் காரணம்.

பிசியோ மதுரை:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளின் கணக்கு 2018ல் வெளியானது. 15 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் மட்டும் 2,30,000க்கு மேல். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நாலில் மூன்று பேர் படியிலிருந்து உருண்டவர்கள். வாக்கர் ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் ஓடும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் எட்டிப் பிடிக்க முடியாது.

நடையைப் பற்றிக் கேட்டால், உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட அளவில் தனியாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. ஆய்வு செய்த ஊர்களில் டெல்லியும் உண்டு. முட்டி போட்டுத் தவழாமலே நடந்த குழந்தைகளும் 100க்கு 4 பேர் இருந்தார்கள்.

விருதுநகர் தாத்தா:
8.2 என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. 8.2ல் நடக்கலாம் என்றால் 9ல் என் பேரன் நடந்தது உண்மைதானே?

பிசியோ மதுரை:
நடந்திருக்கலாம் ஐயா, நான் மறுக்கவில்லை. வாக்கரால் நடந்தான் என்பதைத்தான் மறுக்கிறேன். அவன் வாக்கர் இல்லாமல் இருந்தாலும் நடந்திருப்பான்.

விருதுநகர் தாத்தா:
மறுக்கவில்லை என்று எழுதிவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டையர் அம்மா:
அம்மா எட்டிப் பிடிக்க முடியாது, அம்மா பார்க்கவில்லை, அம்மா கதவைச் சாத்தவில்லை. இந்த விவாதத்தில் அப்பா என்ற சொல் இதுவரை ஒரே இடத்தில்தான் வந்திருக்கிறது, அதுவும் தச்சர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது. தாத்தா, உங்கள் பேரன் வாக்கரில் ஓடிய அந்த அரை மணி நேரம் பின்னால் ஓடியது யார்? நீங்களா, உங்கள் மருமகளா?

விருதுநகர் தாத்தா:
என் மனைவி. மருமகள் வேலைக்குப் போகிற பெண். என் மனைவிதான் மூன்று பேரையும் வளர்த்தாள். குடும்ப விஷயத்தை இழுக்காதீர்கள்.

கொள்ளிடக்கரையாள்:
வாக்கரைப் பரணில் போட்ட அன்று மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் வாங்கிக் கொடுத்ததால்தானே" என்றார். இரண்டு நாள் ஆயிற்று. கூடத்தில் பாய் விரித்து, நாற்காலி இரண்டைக் குறுக்கே படுக்கப்போட்டு, எவர்சில்வர் டபரா, கரண்டி எல்லாம் பரப்பிவிட்டேன். முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள். நேற்று நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, இரண்டு மூச்சு நேரம் நின்றாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டியதே மாமியார்தான்.

இரட்டையர் அம்மா:
ஒரு பிள்ளைக்கு அது சரி. இரண்டு பேரை நாற்காலிக்குள் விட்டால் ஒருத்தன் தலையில் ஒருத்தன் கரண்டியால் போடுகிறான். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தச்சுப்பட்டறை:
மரத்தில் தடுப்புச் சட்டம் செய்யலாம் அம்மா. பிள்ளை எழுந்து நின்றாலும் தாண்டி விழாத உயரம் இருக்க வேண்டும், குறுக்குச் சட்டம் வைக்கக் கூடாது, பிள்ளை அதில் ஏறும். நேர்ச்சட்டம்தான். இடைவெளியில் தலை நுழையக் கூடாது. உங்கள் ஊர்த் தச்சரிடம் சொல்லுங்கள். நடைவண்டியும் ஒன்று சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், சங்க காலத்து வண்டி.

வாத்தியார் மகள்:
மறுபடியும் சங்க காலமா? விளையாட்டுத் தேர் என்றேன்.

தச்சுப்பட்டறை:
மூன்று கால் என்றேன்.

விருதுநகர் தாத்தா:
இனி யாரும் பேச வேண்டாம். பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்துவிட்டேன். மூத்தவன் நடக்கும் படம், ஓரத்தில் தேதி அச்சாகியிருக்கிறது, 2017. பிறந்த தேதியோடு வைத்துக் கணக்குப் போட்டால் 9 மாதத்துக்கு 5 நாள் குறைவு. இதோ போட்டிருக்கிறேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், வாயெல்லாம் சிரிப்பு.

டொராண்டோக்காரன்:
அழகான பிள்ளை ஐயா. படத்தின் இடது ஓரத்தில் ஒரு வளையல் கை தெரிகிறதே, அது யாருடையது?

பிசியோ மதுரை:
சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கிறது. துணி மேலே இழுபட்டு வயிறு தெரிகிறது பாருங்கள்.

விருதுநகர் தாத்தா:
என் மனைவியின் கை. விழுந்துவிடக் கூடாதே என்று பின்னால் வைத்திருக்கிறாள். பிடிக்கவில்லை.

கொள்ளிடக்கரையாள்:
ஐயா, கையைப் பிடித்து நடந்தால் கணக்கு என்றால் என் பெண் போன மாதமே நடந்துவிட்டாள். எத்தனை எட்டு தனியாக வைத்தால் நடந்ததாக அர்த்தம், அதையாவது சொல்லுங்கள்.

விருதுநகர் தாத்தா:
எட்டு எண்ணிக்கொண்டா இருப்பார்கள்? நடந்தால் நடந்ததுதான். படம் எடுக்கும் நேரம் மட்டும்தான் அந்தக் கை. அதற்கு முன்னால் கூடத்திலிருந்து பூஜை அறை வரை தனியாக வந்தான், அப்போது கேமரா கையில் இல்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன், "9ஆ 10ஆ ஞாபகம் இல்லை" என்கிறாள். அவளுக்கு மறதி. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 9 மாதம்.