ரோத் கணக்கு முழுக்க மூன்று மடங்கு ஃபண்டு: சரியா, தப்பா?

எடிசன் குமரன்:
வணக்கம். வயசு 33, நியூ ஜெர்சி, எச்1பி, ஐடி வேலை. 401கே-யில, அதாவது கம்பெனி வழியா சேர்ற ஓய்வுக்கால சேமிப்புல, 1,60,000 டாலர் இருக்கு, எல்லாம் எஸ் அண்ட் பி 500 (பெரிய அமெரிக்க கம்பெனிகளோட குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்டு. ரோத் ஐஆர்ஏ-யில, அதாவது வரி கட்டின பணத்தைப் போட்டு வரியில்லாம வளர்க்கற சொந்த ஓய்வுக் கணக்குல, 40,000. இந்த ரோத் மொத்தத்தையும் டிக்யூக்யூக்யூ-வுக்கு, அதாவது டெக் கம்பெனிகள் நிறைய இருக்கற நாஸ்டாக் 100 குறியீட்டோட மூணு மடங்கு ஃபண்டுக்கு, மாத்திடலாம்னு இருக்கேன். நாஸ்டாக் 100 ஒரு நாள்ல 1 சதவீதம் ஏறினா இது 3 சதவீதம் ஏறும், இறங்கினாலும் அப்படித்தான். அபராதமில்லாம எடுக்கற 59½ வயசு வரைக்கும் தொடப்போறதில்ல, இன்னும் 26 வருஷம் இருக்கு. மார்ஜின் கடன் (பங்கை ஈடு வச்சு தரகர்கிட்ட வாங்கற கடன்) மாதிரி ராத்திரியோட ராத்திரியா பணம் கட்டுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, போட்டதுக்கு மேல ஒரு பைசா போகாது. ரோத்துக்குள்ள வித்து வாங்கினா வரியும் கிடையாது. 2010 பிப்ரவரியில இது வந்ததுலேர்ந்து சார்ட்டைப் பாருங்க. வேண்டாம்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க. வெறுமனே ‘ரிஸ்க்’னு முடிச்சிடாதீங்க.

பழைய கணக்கு:
தம்பி, காரணத்தோடே சொல்கிறேன். ‘மூன்று மடங்கு’ என்பது ஒரு நாளைக்குத்தான். அன்றன்று மாலை கணக்கை நேர் செய்து, மறுநாள் புதிதாகத் தொடங்குகிறார்கள். இண்டெக்ஸ் 100-லிருந்து 10 சதவீதம் இறங்கி 90 ஆகிறது. மறுநாள் 11.1 சதவீதம் ஏறி மறுபடி 100. உங்கள் ஃபண்டு 100-லிருந்து 70-க்கு வரும், அதன் மேல் 33.3 சதவீதம் ஏறினால் 93 சொச்சம். இண்டெக்ஸ் கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டது, உங்கள் கையில் ஏழு ரூபாய் குறைகிறது.

இது தாளில் போடும் கணக்கு மட்டும் இல்லை. 2020-ல் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டையும் சேர்த்து 18 சதவீதம் ஏறி முடிந்தது. அதன் மூன்று மடங்கு ஃபண்டான யூப்ரோ அந்த வருடம் கொடுத்தது சுமார் 10 சதவீதம்தான். மார்ச் மாத ஆட்டம் மீதியைத் தின்றுவிட்டது. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சாதாரண முதலீட்டாளர்களுக்கு இவை பொதுவாகப் பொருந்தாது என்று, தரகர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ரா 2009 ஜூனிலேயே தரகு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பெரிய ஃபண்டு நிறுவனமான வேன்கார்டு 2019 ஜனவரியிலிருந்து இவற்றை வாங்கவே விடுவதில்லை.

ஃப்ரிஸ்கோ மதி:
சார் போட்ட கணக்கு சரிதான், ஆனா அதுல பாதிதான் இருக்கு. இண்டெக்ஸ் ரெண்டு நாள் தொடர்ந்து 10, 10 ஏறினா 21 சதவீதம். மூணு மடங்கு ஃபண்டு 63 இல்ல, 69 ஏறும். ரெண்டு நாள் தொடர்ந்து இறங்கினா இண்டெக்ஸுக்கு 19 நஷ்டம், ஃபண்டுக்கு 57 இல்ல, 51. ஒரே திசையில போற சந்தையில தினசரி நேர் செய்யறது நமக்குச் சாதகம், மேலயும் கீழயும் ஆடற சந்தையில பாதகம். ‘தேய்மானம், தானா கரைஞ்சு போயிடும்’னு எல்லாரும் ஒரே வரியில சொல்றது எனக்குச் சரியாப் படல.

யாரும் பேசாத செலவு வட்டி. உங்க 100 டாலருக்கு 300 டாலர் பங்கு மாதிரி ஓடணும்னா மீதி 200 கடன் மாதிரிதான், ஸ்வாப் ஒப்பந்தம் (பங்கை வாங்காம அதோட ஏற்ற இறக்கத்தை மட்டும் வங்கிகிட்ட வாங்கற ஏற்பாடு) வழியா அதுக்கு வட்டி போயிட்டே இருக்கு. 2010-கள்ல வட்டி பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்ததால யார் கண்ணுக்கும் அது படல. 2023-ல ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) வட்டி 5 சதவீதத்தைத் தாண்டினப்போ அந்த 200-க்கு வருஷம் 10 டாலர். ஃபண்டு நடத்தற கட்டணமான எக்ஸ்பென்ஸ் ரேஷியோ தனி. குமரன், நீங்க காட்டற சார்ட்டுல பாதிக்கு மேல சும்மா கிடைச்ச கடன்ல ஓடினது.

ஆனா லெவரேஜே, அதாவது கடன் வச்சு முதலீட்டைப் பெருக்கறதே, தப்புன்னு நான் சொல்ல வரல. சின்ன வயசுல சேமிப்பு கொஞ்சம், வரப்போற சம்பளம் நிறைய. அதனால இளமையில ரெண்டு மடங்கு வரைக்கும் பங்குல இருக்கலாம், வயசு ஏற ஏறக் குறைச்சுக்கலாம்னு யேல் பேராசிரியர்கள் ரெண்டு பேர் வாதாடினாங்க. கவனிங்க, அவங்க சொன்ன உச்சவரம்பு ரெண்டு. அதுவும் பரவலான சந்தையில. நாஸ்டாக் மூணு மடங்கு இல்ல.

எடிசன் குமரன்:
மதி அக்கா, வட்டி விஷயம் நான் யோசிக்கல, நன்றி. ஆனா இதுக்குக் காப்பு இருக்கே? 55 சதவீதம் யூப்ரோ, 45 சதவீதம் டிஎம்எஃப், அதாவது நீண்டகால அரசு பாண்டுல மூணு மடங்கு. மூணு மாசத்துக்கு ஒருமுறை ரீபேலன்ஸ், அதாவது ஏறினதை வித்து இறங்கினதை வாங்கி பழைய விகிதத்துக்குக் கொண்டுவர்றது. பங்கு விழும்போது பாண்டு ஏறும். 1987 வரைக்கும் பின்னால போய்ப் பார்த்தவங்களுக்குக்கூட நல்லா வந்திருக்கு.

பழைய கணக்கு:
1981 செப்டம்பரில் பத்து வருட அரசு பாண்டின் வட்டி 15 சதவீதத்துக்கு மேல். அங்கிருந்து 2020 வரை இறங்கிக்கொண்டே வந்தது. வட்டி இறங்கினால் பாண்டு விலை ஏறும். நாற்பது வருடம் காற்று ஒரே பக்கம் அடித்திருக்கிறது, அதை வைத்துக் காப்பு என்கிறீர்கள். 2022-ல் காற்று திரும்பியது. யூப்ரோ 57 சதவீதம் விழுந்த அதே வருடம் டிஎம்எஃப் 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. குடையும் சேர்ந்து நனைந்தது.

நாஸ்டாக் கதை இன்னும் மோசம். 2000 மார்ச்சிலிருந்து 2002 அக்டோபர் வரை நாஸ்டாக் 100 சுமார் 83 சதவீதம் சரிந்தது. அன்று மூன்று மடங்கு ஃபண்டு இருந்திருந்தால் 99 சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். 99 போனால் பழைய இடத்துக்கு வர நூறு மடங்கு ஏற வேண்டும். 26 வருடம் இருக்கிறது என்கிறீர்கள், அதில் இப்படி ஒரு மூன்று வருடம் வந்தால் மீதி 23 வருடம் எதன் மேல் ஓடும்?

கோவைக்குத் திரும்பினவன்:
சும்மா படிச்சிட்டுப் போலாம்னுதான் வந்தேன். குமரன், நீங்க செய்ய நினைக்கறதை நான் 2022 ஜனவரியில செஞ்சேன். அப்போ டெக்சாஸ்ல இருந்தேன். ரோத்துல 30,000 டாலர், எல்லாத்தையும் நாஸ்டாக் மூணு மடங்குல போட்டேன். விழுந்தா வாங்குவேன், பயப்பட மாட்டேன்னு மனைவிகிட்ட பெருமையா வேற சொல்லியிருந்தேன்.

அக்டோபர்ல ஒரு நாள் பையனை நீச்சல் வகுப்புல விட்டுட்டு, கார்ல உக்காந்து ஆப்பைத் திறந்தேன். 7,000-க்குக் கீழ. உடனே மூடிட்டேன். பையன் ஈரத் தலையோட வந்து கதவைத் தட்டற வரைக்கும் மறுபடி மறுபடி திறந்து பார்த்துட்டே இருந்தேன். அடுத்த வாரம் வித்துட்டேன். பணம் எதுக்கும் தேவைப்படல. ராத்திரி தூக்கம் வரல, அவ்வளவுதான் காரணம்.

வித்தது தப்புன்னு சொல்வீங்க. சரி, விக்காம இருந்திருந்தா? டிக்யூக்யூக்யூ 2022-ல 79 சதவீதம் இறங்குச்சு, 2023-ல கிட்டத்தட்ட 198 சதவீதம் ஏறுச்சு. 198-னு கேட்டதும் எல்லாம் திரும்பிடுச்சுன்னு தோணும். 30,000 முதல்ல 6,300 ஆச்சு, அப்புறம் 18,800. அதே பணம் சாதாரண நாஸ்டாக் 100 ஃபண்டுல இருந்திருந்தா 2023 கடைசியில 31,000-க்கு மேல. பொறுமையா உக்காந்திருந்தவனுக்கும் அந்த ரெண்டு வருஷத்துல இதுதான் நிலைமை.

எனக்கு இன்னைக்கும் உறுத்தறது வேற. ரோத்துல வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு வரம்பு, 2025-க்கு 7,000. உள்ள கரைஞ்சு போனதை வெளியிலேர்ந்து கொண்டுவந்து நிரப்ப முடியாது. நஷ்டத்தை வரியில காட்டவும் முடியாது. பணம் மட்டும் போகல, வரியில்லாம வளர்ற இடமும் சேர்ந்து போச்சு.

ஃப்ரிஸ்கோ மதி:
இதை எழுதினதுக்கு நன்றி. நிஜமாவே.

குமரன், உங்க நம்பரையே 2022-ல வச்சுப் பார்ப்போம். ரோத் 40,000 அப்படியே டிக்யூக்யூக்யூ-வுல இருந்தா 8,400 ஆயிருக்கும். போன 31,600, நாலரை வருஷ வரம்பு. 401கே-யும் 18 சதவீதம் இறங்கும், ஆக மொத்தம் 2,00,000-ல 30 சதவீதம் காலி. அதுக்குப் பதிலா மொத்தத்துல பத்து சதவீதம், 20,000 மட்டும் போட்டிருந்தா? மொத்த இறக்கம் 24. எதுவுமே போடாதவருக்கு 18. அந்த 24-ஐ ஒரு மனுஷன் தாங்கலாம்.

நான் என் ரோத்துல செய்யறது இது: ரெண்டு மடங்கு எஸ் அண்ட் பி ஃபண்டு, மொத்த ஓய்வுக்கால சேமிப்புல பத்து சதவீதம். 15-ஐத் தாண்டினா வித்து சாதா ஃபண்டுக்கு மாத்திடுவேன். இறங்கினா அடிப்படைச் சேமிப்புலேர்ந்து எடுத்து நிரப்ப மாட்டேன்.

எடிசன் குமரன்:
நிரப்பலைன்னா அது ரீபேலன்ஸே இல்லையே அக்கா. கீழ வாங்கறதுலதானே லாபமே?

ஃப்ரிஸ்கோ மதி:
கீழ எவ்வளவு கீழன்னு தெரிஞ்சா வாங்கலாம். 83 சதவீத சரிவுல ஒவ்வொரு மூணு மாசமும் நல்ல பணத்தை எடுத்து நிரப்பிட்டே போனா, பத்து சதவீதம்னு நீங்க போட்ட வேலியே இல்லாம போயிடும். அந்த லாபத்தை நான் தெரிஞ்சேதான் விடறேன்.

பழைய கணக்கு:
மதி, உங்கள் ஒழுங்கை மதிக்கிறேன், ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து சதவீதம் மொத்தத்தை ஆறு புள்ளி கூடுதலாக இறக்கும் என்கிறீர்கள். அந்த ஆறு எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

2001-ல் நான் கலிஃபோர்னியாவில் எச்1பி. லெவரேஜ் எதுவும் இல்லை, 401கே-யில் வெறும் டெக் ஃபண்டு. அது பாதிக்கு மேல் விழுந்த வருடமே கம்பெனி ஆளைக் குறைத்தது. இப்போது வேலை போனால் இந்த விசாவில் வேறு வேலை தேட 60 நாள் அவகாசம் தருகிறார்கள், அன்று அதுவும் கிடையாது. வாடகைக்கும் ஊருக்கு டிக்கெட்டுக்கும் 401கே-யை உடைத்தேன். அடிமட்ட விலையில் விற்று, அதன் மேல் வருமான வரியும் பத்து சதவீத அபராதமும் கட்டினேன். 26 வருடம் தொட மாட்டேன் என்று தம்பி சொல்வதை நானும் சொல்லியிருந்தேன்.

குமரன் ஐடி-யில். சம்பளம், விசா, கம்பெனி பங்கு கிடைத்தால் அதுவும், எல்லாம் நாஸ்டாக் எப்படியோ அப்படித்தான். வேலையே பாதி லெவரேஜ். அதன் மேல் இன்னும் மூன்று மடங்கா?

எடிசன் குமரன்:
ரெண்டு நாள் எழுதல. மனைவியோட உக்காந்து கணக்குப் போட்டோம். முழுசா மாத்தற திட்டத்தை விட்டுட்டேன். ஆனா பழைய கணக்கு சார் சொல்ற மாதிரி பூஜ்யத்துக்கும் போகல. டிக்யூக்யூக்யூ வேண்டாம், எஸ் அண்ட் பி ரெண்டு மடங்கு, 12,000 டாலர். மதி அக்கா விதிதான்: மேல போனா விப்பேன், கீழ போனா நிரப்ப மாட்டேன். எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கோம்.

பழைய கணக்கு:
எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, ஆனாலும் 40,000-க்கு 12,000 எவ்வளவோ மேல். அந்தத் தாளில் வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி இருக்கிறதா?

எடிசன் குமரன்:
இல்ல சார். எட்டு மாசச் செலவு சேவிங்ஸ்ல சேர்ற வரைக்கும் அந்த 12,000-ஐ வாங்கறதில்லைன்னு இப்போ சேர்த்துட்டேன். இன்னைக்குத் தேதிக்கு மூணு மாசத்துக்குத்தான் இருக்கு.