வீட்டில் வாசிக்க ட்யூப் ஆம்ப்: 15 வாட்டிலிருந்து 5-க்கு இறங்குவதா, 1-க்கா?

கேள்வி

வணக்கம். இப்போ கையில இருக்கிறது 15 வாட் ட்யூப் காம்போ (கிட்டார் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில). பவருக்கு ரெண்டு இஎல்84 ட்யூப், ப்ரீஆம்ப்ல (சிக்னலை முதல்ல பெருக்கற பகுதி) மூணு 12ஏஎக்ஸ்7, ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். அறை சின்னது, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க. மாஸ்டர் வால்யூமை 1-க்குக் கீழே வச்சா சத்தம் மெலிஞ்சு போய் உயிரே இல்லாம கேக்குது. 1-ஐத் தாண்டி மயிரிழை திருப்பினா ஜன்னல் அதிருது. நடுவுல எதுவுமே இல்ல.

எனக்கு வேண்டியது பெரிய டிஸ்டார்ஷன் இல்ல. சிங்கிள் காயில் கிட்டார்ல மெதுவா வாசிச்சா கிளீனா, பிக்கை அழுத்தினா லேசா உடைஞ்சு கரகரக்கணும். 5 வாட்டுக்கு மாறினா மூணுல ஒரு பங்கு சத்தம்தானே வரும்? இல்ல நேரா 1 வாட்டுக்கே போயிடலாமா?

பதில் 1

முதலில் கணக்கை நேராக்கிக்கொள்வோம். 15 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு வந்தால் குறைவது 5 டெசிபலுக்கும் கொஞ்சம் கம்மி. காதுக்குப் ‘பாதியாகிவிட்டது’ என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் இறங்க வேண்டும், அதற்கு வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். அதாவது உங்கள் ஆம்பின் பாதிச் சத்தம் 5 வாட் அல்ல, ஒன்றரை வாட்.

இதைவிடப் பெரிய விஷயம் ஸ்பீக்கர். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். அதே நிறுவனத்தின் கிரீன்பேக் 98. அறைக்குள் பேச்சை மீறிக் கேட்கும் அளவை 80 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதற்குத் தேவை வாட்டில் நூறில் ஒரு பங்கு. உணர்திறன் 94 டெசிபல் உள்ள ஸ்பீக்கராக இருந்தாலும் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆக, 1 வாட் ஆம்பை முழுக்கத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அதனால் வாட்டை வைத்துத் தேடாதீர்கள். நீங்கள் கேட்கும் அந்த லேசான உடைசல் ஆம்பின் எந்தக் கட்டத்தில் பிறக்கிறது, அது பிறந்த பிறகு சத்தத்தைக் குறைக்க அந்த ஆம்பில் வழி இருக்கிறதா, இதை வைத்துத் தேடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனா அந்த ‘மெலிஞ்சு போற’ பிரச்சினையைத் தீர்க்காம எந்த ஆம்ப் வாங்கினாலும் அது கூடவே வரும்.

ஒண்ணு, சத்தம் குறையக் குறைய நம்ம காது முதல்ல பாஸை விட்டுடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லயே வளைவு போட்டுக் காட்டினது இது. அதனால உரக்க வாசிக்கும்போது வச்ச டோன் செட்டிங்கை ராத்திரிக்கு அப்படியே வைக்காதீங்க. பாஸை ரெண்டு மூணு புள்ளி ஏத்துங்க. பின்பக்கம் திறந்த கேபினெட்டா இருந்தா சுவர்லயிருந்து ஒரு சாண் தள்ளி, மூலைக்குப் பக்கமா வைங்க, அடித்தொனி சும்மாவே கூடும். தரையில நேரா வைக்காதீங்க. ஸ்டூல்லயோ தடிமனான ஃபோம் மேலயோ வச்சா கீழ்வீட்டுக்கு அதிர்வு இறங்கறதும் குறையும், ஸ்பீக்கரும் காது பக்கம் திரும்பும். 12 இன்ச் ஸ்பீக்கரோட ட்ரெபிள் நேர்கோட்டுல போறது. காலுக்குக் கீழே இருந்தா உங்களுக்கு மட்டும் மந்தமா கேக்கும், எதிர்ல இருக்கிறவருக்குக் கூர்மையா கேக்கும்.

ரெண்டு, அந்த ‘மயிரிழை’ சமாச்சாரம். அது குமிழுக்குப் பின்னாடி இருக்கிற பொட்டென்ஷியோமீட்டரோட (பாட்) வேலை. ஆரம்பக் கொஞ்சத் திருப்பத்துலயே சத்தம் எகிறும், அதோட ட்ராக் சுழியத்துக்கிட்ட நிதானமா இருக்காது. உங்க ஆம்ப்ல எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவுல சிக்னலை வெளியே எடுத்துத் திரும்ப விடற சென்ட், ரிட்டர்ன் ஜாக்) இருக்கா? இருந்தா 100 கிலோ ஓம் லாக் பாட் ஒண்ணு, ரெண்டு ஜாக், ஒரு சின்ன உலோகப் பெட்டி, அவ்வளவுதான். சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவுல போடுங்க. ஆம்ப் மாஸ்டரை 3-ல நிறுத்திட்டு சத்தத்தை இந்தப் பெட்டியில கட்டுப்படுத்துங்க. கேபிள் ரெண்டும் குட்டையா இருக்கணும், நீளமானா ட்ரெபிள் போயிடும். புது ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

கேட்டவர்

லூப் இல்லைங்க. மாத்தறதுன்னு முடிவுக்கு வந்தாச்சு. சின்ன ஆம்ப்ல என்னென்ன வகை இருக்கு, எது எனக்குப் பொருந்தும்?

பதில் 3

குறைந்த வாட் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே ஜாதி இல்லை.

ஒரே ஒரு பவர் ட்யூப் உள்ள சிங்கிள்-எண்டட் ஆம்ப் முதல் வகை. பழைய ஃபெண்டர் சாம்ப் (5எஃப்1) இதன் தாய்வழி: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையராக (ஏசியை டிசியாக்கும் பாகம்) 5ஒய்3, 8 இன்ச் ஸ்பீக்கர், சுமார் 5 வாட். எபிஃபோன் வால்வ் ஜூனியர் அதே எளிமை, ஆனால் இஎல்84. முன்பக்கம் ஒரே ஒரு வால்யூம் குமிழ், டோன்கூடக் கிடையாது. மாஸ்டர் இல்லாத இவற்றில் உடைசல் வேண்டுமென்றால் வால்யூமைப் பாதிக்கு மேல் திறந்தே ஆக வேண்டும், அங்கே சத்தம் 100 டெசிபலைத் தொட்டுவிடும். பிக்கின் அழுத்தத்துக்கு இவை பதில் சொல்லும் விதம் அலாதி. நீங்கள் கேட்பது அதுதான். ஆனால் அட்டெனுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பவரைக் குறைக்கும் பெட்டி) இல்லாமல் உங்கள் அறையில் அதை எட்ட முடியாது.

அந்தக் குறையை உள்ளேயே தீர்க்கப் பார்த்தவை சில உண்டு. வாக்ஸ் ஏசி4டிவி-யில் 4, 1, கால் வாட் என்று மாற்றும் சுவிட்ச், புகேரா வி5-ல் 5, 1, 0.1 வாட். இரண்டிலும் பவர் ட்யூப் ஒரு இஎல்84.

அடுத்து, ப்ரீஆம்ப் ட்யூபையே பவருக்கும் போட்ட 1 வாட் ரகம். பிளாக்ஸ்டார் ஹெச்டி-1, மார்ஷல் டிஎஸ்எல்1 இரண்டிலும் கடைசியில் இருப்பது இசிசி82. அதன் இரு பாதிகளும் புஷ்-புல்லாக, அதாவது ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஜோடியாக, வேலை செய்கின்றன. கெயின், மாஸ்டர் எல்லாம் இருப்பதால் கனமான டிஸ்டார்ஷனுக்கு வீட்டில் இவை சௌகரியம். ஆனால் இஎல்84 உடைவதுபோல இசிசி82 உடையாது, அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் போன்றவற்றில் ட்யூப் ப்ரீஆம்பில் மட்டும், பவர் பகுதி ட்ரான்ஸிஸ்டர். நல்ல ஆம்ப்தான், நீங்கள் தேடும் பொருள் அல்ல.

உங்களுக்கு என் தேர்வு: இஎல்84 அல்லது 6வி6 ஒன்று போட்ட 5 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), தனியாக 10 அல்லது 12 இன்ச் கேபினெட், நடுவில் அட்டெனுவேட்டர். காம்போவில் வரும் 6, 8 இன்ச் ஸ்பீக்கர்களில் பெட்டிச் சத்தம் தூக்கலாக இருக்கும். பலர் ஆம்பைக் குறை சொல்லி விற்றுவிடுவது இதனால்தான்.

பதில் 4

ஒரு மாற்றுக் கருத்து. பெடல் வச்சு வாசிக்கிறவங்களுக்கு ‘5 வாட்ல ஹெட்ரூம் (உடையாம கிளீனா ஏத்தக்கூடிய இடம்) இல்ல’ன்னு ஒரு பேச்சு உண்டு. டிரம்ஸ் பக்கத்துல நின்னா அது உண்மை. அறைக்குள்ள 98 டெசிபல் ஸ்பீக்கர்ல 2 வாட் கிளீனா வந்தாலே 101 டெசிபல், அதுக்கு மேல எதுக்கு? ஆனா நாளைக்குக் குழுவோட வாசிக்கிற எண்ணம் இருந்தா 15 வாட்டை விக்காதீங்க. அதுக்கே அட்டெனுவேட்டர் வாங்கினா ரெண்டு வேலையும் நடக்கும்.

கேட்டவர்

குழுவெல்லாம் இல்ல, வீடு மட்டும்தான். பழைய 5 வாட் சிங்கிள்-எண்டட் ஹெட் ஒண்ணு கிடைக்குது, இஎல்84. அட்டெனுவேட்டர் நானே செய்யலாமா? சால்டரிங் நல்லா வரும்.

பதில் 3

செய்யலாம். 5 வாட்டுக்கு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, 10 டெசிபல் குறைக்கும் எல்-பேட் (இரண்டு ரெசிஸ்டர் மட்டும் உள்ள எளிய அட்டெனுவேட்டர்):

ஆம்பின் ‘பிளஸ்’ஸிலிருந்து 5.6 ஓம் ரெசிஸ்டர் வரிசையில். அதன் மறுமுனையிலிருந்து ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 3.9 ஓம். ஆம்புக்குத் தெரியும் சுமை 8.2 ஓம், ஸ்பீக்கருக்குப் போவது சுமார் அரை வாட். 16 ஓம் என்றால் இரு மதிப்பையும் இரட்டியுங்கள். இன்னும் குறைய வேண்டுமானால் இதே போல இரண்டாவது ஒன்றைத் தொடரில் போட்டால் 20 டெசிபல்.

ஆம்ப் தரும் பவரில் 68 சதவீதம் அந்த 5.6 ஓம் மேல் சூடாக விழும். ஆம்ப் முழுக்க உடையும்போது 5 வாட் என்பது 10 வாட் வரை போகக்கூடும். ஆகவே 25 வாட் அலுமினிய உறை வயர்வுண்ட் ரெசிஸ்டர் போடுங்கள். அதை உலோகப் பெட்டியின் அடிப்பலகையில் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகி இறுக்க வேண்டும். அந்த 25 வாட் தகுதி உலோகத்தோடு இறுக்கினால்தான் செல்லும், காற்றில் தொங்கவிட்டால் செல்லாது.

கவனம் வைக்க வேண்டிய இணைப்பு 5.6 ஓம் தான். 3.9 விட்டுப்போனால் சுமை 13.6 ஓம் ஆகும், கொஞ்ச நேரம் பிழைக்கும். 5.6 விட்டுப்போனால் ஆம்புக்குச் சுமையே இல்லை. சுமை இல்லாத ட்யூப் ஆம்பில் சிக்னல் போனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் பாய்ந்தெழுந்து சுற்று எரியும், ட்யூப் சாக்கெட்டில் பொறி பறக்கும். கம்பியைக் கண்ணியில் சுற்றி முறுக்கிவிட்டுப் பிறகு சால்டர் வையுங்கள். ஆம்பிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து கேபினெட்டுக்கும் ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் ஆகாது.

10 டெசிபலுக்கு மேல் போகப் போகத் தொனி மந்தமாகும், சுத்த ரெசிஸ்டர் அட்டெனுவேட்டரின் குணம் அது. ட்ரெபிளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதில் 2

பழைய ஹெட்டுன்னா வாங்கும்போது இதெல்லாம் பாருங்க. பின்னாடி எத்தனை வோல்ட்டுன்னு போட்டிருக்கு? 120 வோல்ட் ஆம்பை 230-ல மாட்டினா ஃபியூஸ் போறதோட நின்னா அதிர்ஷ்டம். எர்த் பின்னை வெட்டியிருந்தா வாங்காதீங்க.

அரை மணி நேரம் ஓடவிடுங்க. அறையை இருட்டாக்கி இஎல்84-ஐப் பாருங்க: உள்ளே ஹீட்டர் ஆரஞ்சா எரியறது சரி, கண்ணாடி ஓரத்துல நீல ஒளியும் சரி. வெளிப்பக்கச் சாம்பல் நிறத் தகடு சிவந்தா உடனே ஆஃப். பென்சில் முனையால ஒவ்வொரு ட்யூபையும் மெல்லத் தட்டுங்க. முதல் 12ஏஎக்ஸ்7 லேசா ‘டிங்’குன்னா பரவாயில்ல, மணியாட்டம் நீண்டு ஒலிச்சா மாத்தணும். குமிழ் திருப்பும்போது கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் போதும். கிளீனர் போட்டும் போகலைன்னா கப்ளிங் கெபாசிட்டர் (ஒரு கட்டத்துலயிருந்து அடுத்ததுக்கு சிக்னலை மட்டும் விடறது) டிசியைக் கசிய விடலாம்.

சேஸிஸை (உள்ளே இருக்கிற உலோகப் பெட்டி) மட்டும் திறக்காதீங்க. உள்ள 300 வோல்ட் அளவுல டிசி இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல நிக்கும்.

கேட்டவர்

பாத்தாச்சு. எல்லாம் சரி, எர்த் இருக்கு, தகடு சிவக்கல. ஆனா கிட்டார் மாட்டாமலே, வால்யூம் சுழியத்துலயே, ஸ்பீக்கர்ல ஒரு ரீங்காரம். வால்யூம் கூட்டினா அது கூடல.

பதில் 3

வால்யூமோடு சேர்ந்து ஏறாததால் வால்யூமுக்கு முந்திய முதல் கட்டமும் கிட்டாரும் குற்றவாளி இல்லை. புஷ்-புல்லில் மின்வழங்கலின் சிற்றலை இரு பக்கமும் வந்து ஒன்றையொன்று ரத்தாக்கிவிடும். சிங்கிள்-எண்டட்டில் அந்த வசதி இல்லை, கொஞ்சம் ரீங்காரம் பிறவிக்குணம். ஒரு மீட்டர் தள்ளி நின்றும் தெளிவாகக் கேட்டால் மட்டும் பழுது என்று கொள்ளுங்கள்.

போனில் ஏதாவதொரு ட்யூனர் அல்லது ஸ்பெக்ட்ரம் செயலியில் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால், ரீங்காரம் 50-ல் இருந்தால் ஹீட்டர் பக்கம்: பவர் ட்யூபில் ஹீட்டர்-கேத்தோடு கசிவு இருக்கலாம். வேறொரு இஎல்84 மாட்டிப் பாருங்கள். இந்த வகை ஆம்ப் பெரும்பாலும் கேத்தோடு பயாஸ், அதாவது ட்யூபின் ஓய்வு மின்னோட்டம் தானே அமைந்துகொள்ளும், பயாஸ் திருத்தம் தேவைப்படாது. 100-ல் சற்று முரடாக இருந்தால் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றியிருக்கிறது. அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லுங்கள், மின்னழுத்தத் தகுதி பழையதற்குக் குறையக் கூடாது. ரெக்டிஃபையரும் ட்யூபாக இருந்தால் முதல் கெபாசிட்டரின் மைக்ரோஃபாராட் மதிப்பை ஏற்றக் கூடாது. ஆன் செய்யும் நொடியில் அது இழுக்கும் மின்னோட்டத்தை ரெக்டிஃபையர் தாங்காது. இரண்டாவது, மூன்றாவதை 22-லிருந்து 47-க்கு ஏற்றிக்கொள்ளலாம், ரீங்காரம் அங்கேயே நன்றாக அடங்கும்.

கேட்டவர்

100 ஹெர்ட்ஸ்தாங்க காட்டுது. கெபாசிட்டர் மாத்தற செலவைக் கழிச்சு விலை பேசிட்டு எடுத்துக்கறேன். 5.6, 3.9 ரெண்டும் 25 வாட்ல ஆர்டர் போட்டாச்சு.