சுழல்மேடையை எடுத்ததில் நஷ்டமே இல்லையாம்!

மூன்றாம் மணி:
மறக்க முடியாத மேடைக் காட்சி மாற்றங்கள் என்று பக்கத்து விவாதத் திரியில் ஒருத்தர் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி: ‘லே மிசராப்ல்’ இசை நாடகத்தில் சுழல்மேடையை எடுத்ததால் எந்த நஷ்டமும் இல்லை. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1985இல் ஜான் நேப்பியர் வடிவமைத்த அரங்கம் அது. பாரிஸ் சேரியாக நின்ற அதே இரண்டு கட்டுமானங்கள் இரு பக்கமிருந்தும் நகர்ந்து வந்து, சாய்ந்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, புரட்சி மாணவர்கள் தெருவில் எழுப்பும் தடுப்பரணாகும். சண்டை ஓய்ந்ததும் மேடை மெல்லத் திரும்பும். மறுபக்கம், செங்கொடி மேல் தலைகீழாக மாணவர் தலைவன் என்ஜோல்ராஸின் பிணம். ஒரு வசனம் கிடையாது. 2019இல் லண்டனிலும் அந்த மேடையைக் கழற்றிவிட்டு, பிணத்தை வண்டியில் வைத்துத் தள்ளுகிறார்கள். நஷ்டமே இல்லையாம்!

கடைசி வரிசை:
அந்த வரி என்னுடையதுதான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். அங்கே உங்களை அழ வைத்தது டேவிட் ஹெர்சியின் ஒளியமைப்பு. மோட்டாருக்கு மாலை போடாதீர்கள்.

மூன்றாம் மணி:
ஒளி எதன் மேல் விழுந்தது ஐயா? திரும்பிய தடுப்பரண் மேல். திரும்பவில்லை என்றால் மறுபக்கம் ஏது?

படுதா:
இரண்டு பேரும் சும்மா இருங்க. ‘பேன்டம் ஆஃப் தி ஆப்ரா’ இசை நாடகத்துக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம்? தூசி படிஞ்ச ஏலக்கூடம். சரவிளக்கு எரிஞ்சு மேலே ஏற ஏற, பழைய ஆப்ரா அரங்கம் கண் முன்னாலேயே உயிர் பெறும். 1986இல் மரியா பியோர்ன்சன் செஞ்சது. ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

கடைசி வரிசை:
ஒரு விளக்கு! கூடவே ஏரி, படகு, தரையிலிருந்து முளைக்கும் மெழுகுவத்திகள். சிக்கனத்தின் சிகரம்தான். தார்ன்டன் வைல்டர் 1938இல் ‘அவர் டவுன்’ நாடகத்தில் வரிசையாக நாற்காலி போட்டு அதையே இடுகாடாக்கினார். அதைச் சொன்னால் உங்கள் யாருக்கும் ரசிக்காது, ஏனென்றால் அதில் எதுவும் சுற்றாது.

மூன்றாம் மணி:
நாற்காலிக் கதை இங்கே எதற்கு? தடுப்பரண் திரும்பினால் பார்க்கிறவன் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்த மாதிரி. வண்டியில் வந்தால் யாரோ கொண்டுவந்து காட்டிய மாதிரி. இது புரியாதவர் பட்டியல் போடலாமா? போன மாதம் ‘மிஸ் சைகான்’ இசை நாடகத்தில் மேடைக்கு வரும் ஹெலிகாப்டரையும் நீங்கள்தான் பொம்மை என்றீர்கள். நான் மறக்கவில்லை.

கடைசி வரிசை:
பொம்மைதான். இன்றும் சொல்வேன்.

கயிறு:
நம்ம ஆர்.எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்துல காட்டாத தந்திரக் காட்சியா? அவரைப் பத்தி இங்கே ஒருத்தருக்கும் வாய் வராதே. லண்டன்ல நடந்தாதான் கலை.

படுதா:
வந்துட்டார்யா. எந்தத் திரியில் பேசினாலும் மனோகர்.

மூன்றாம் மணி:
மனோகரை யாரும் குறை சொல்லவில்லை. பேச்சு தடுப்பரணைப் பற்றி. புதிய வடிவத்தில் பின்னால் விக்டர் ஹ்யூகோ வரைந்த ஓவியங்களைத் திரையில் ஓட்டுகிறார்கள். ஓவியம் நன்றாகவே இருக்கட்டும். அது திரும்புமா?

கடைசி வரிசை:
உங்கள் நேப்பியரே 1993இல் ‘சன்செட் புலவார்ட்’ இசை நாடகத்தில் முழு மாளிகையை மேலே தூக்கி, அதன் அடியில் புத்தாண்டு விருந்து நடத்தினார். மாளிகை மேலே போனது, சுழலவில்லை. அதற்கும் ஒப்பாரி உண்டா?

படுதா:
வீடுன்னா ஸ்டீபன் டால்ட்ரி இயக்கின ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகம்தான். 1992. வீடே முன்னால சாய்ஞ்சு பாத்திரமெல்லாம் கொட்டும்.

மூன்றாம் மணி:
பேச்சை மாற்றாதீர்கள். என்ஜோல்ராஸ் வண்டியில் வருகிறாரா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில்.

கடைசி வரிசை:
வருகிறார். நன்றாகவே வருகிறார்.

மூன்றாம் மணி:
‘நன்றாக’ என்று நான் கேட்கவே இல்லை.

கயிறு:
மனோகர் பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லலை.