முதலை பல்லிக்குச் சொந்தமா, காக்காவுக்குச் சொந்தமா?

வேளச்சேரி_அம்மா:
வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு எட்டாவது படிக்கும் மகளோடு போயிருந்தேன். அங்கே ஒருவர், இன்று உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு நெருங்கிய சொந்தம் பறவைகள்தான், பல்லியும் ஓணானும் அதைவிடத் தூரம் என்றார். நாலு கால், நீள வால், உடம்பெல்லாம் செதில், பார்த்தால் பெரிய உடும்பு மாதிரிதானே இருக்கிறது? அப்புறம் சாலமாண்டர், படத்தில் பார்த்தால் அச்சு அசல் பல்லி, அதைத் தவளையோடு சேர்க்கிறார்கள். உருவத்தை நம்பக் கூடாது என்றால் எதை வைத்துத்தான் உறவைத் தீர்மானிக்கிறார்கள்? அவளுக்குப் புரியும்படி சொல்லுங்களேன்.

விலங்கியல்_வாத்தியார்:
அவர் சொன்னது சரிதான் மேடம். நாலு கால், நீள வால் என்ற உடல்வாகு மிகப் பழையது. முதலை, பல்லி, காக்கா, ஏன் நமக்கும்கூட, பொதுவான முன்னோரிடமே அது இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் மூக்கு தூரத்துப் பங்காளிகள் இரண்டு பேருக்கு வாய்த்து, கூடப்பிறந்தவனுக்கு வாய்க்காமல் போவதில்லையா, அந்தக் கதைதான். அதனால் பழைய அடையாளங்களை ஒதுக்கிவிட்டு, பிற்பாடு புதிதாக வந்தவை யார் யாரிடம் சேர்ந்து இருக்கின்றன என்று பார்ப்பார்கள். முதலையின் பல் தாடையில் குழிக்குள் வேரூன்றி நிற்கும், ஆர்க்கியாப்டெரிக்ஸ் போன்ற ஆதிப் பறவைகளுக்கும் அப்படித்தான். ஓணானுக்கோ, வீட்டுப் பல்லிக்கோ பல் தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், குழி கிடையாது. முதலைக்கும் பறவைக்கும் இதயத்தில் நாலு அறை, பல்லிக்கு கீழறை முழுசாகப் பிரிந்திருக்காது. நமக்கும் நாலு அறைதானே என்று மகள் கேட்பாள், கேட்கவும் வேண்டும். அது பாலூட்டி வம்சத்தில் தனியாக வந்தது. இதனால்தான் ஒரே அடையாளத்தோடு நிறுத்தாமல் எலும்பு, பல், மரபணு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மரபணுவும் முதலையையும் பறவையையும்தான் சேர்க்கிறது. இரண்டு வம்சமும் பிரிந்து சுமார் 25 கோடி ஆண்டு ஆகிறது. முதலையும் மாறாமல் அப்படியே இருந்துவிடவில்லை. டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்தில் அதன் வம்சத்தில் மெலிந்த நீளக் காலோடு தரையில் ஓடித் திரிந்தவை இருந்தன, இன்றைய தட்டை உடம்பு தண்ணீரில் பதுங்கி இரை பிடிக்கும் பிழைப்புக்குப் பின்னால் வந்தது.

மாடித்தோட்டம்_பெரம்பூர்:
இதற்கு நேர் எதிரான வேடிக்கை நம் பூந்தொட்டியிலேயே இருக்கிறது. தொட்டியை நகர்த்தினால் அடியில் கறுப்பாக, மண்புழு மாதிரி ஒன்று நெளியும், பலர் புழு என்றே நினைத்து வீசிவிடுவார்கள். குனிந்து பாருங்கள்: உடம்பு பளபளவென்று காய்ந்து இருக்கும், சுற்றிலும் பொடிச் செதில், கண் செதிலுக்கு அடியில் இரண்டு புள்ளி, நுனியில் பிளந்த நாக்கு வந்து வந்து போகும். புழுப்பாம்பு. விஷம் கிடையாது, கறையானையும் எறும்பு முட்டையையும் தின்கிறது, அத்தனையும் பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும். தயவுசெய்து கொல்லாதீர்கள். வால்பாறைப் பக்கம் ஈர மண்ணைக் கிளறினால் இதே உருவத்தில் சிசிலியன் கிடைக்கும், ஆனால் அதன் தோல் ஈரமாக வளையம் வளையமாக இருக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சின்ன உணர்கொம்பு ஒன்று. அது தவளைக்குச் சொந்தம். மண்ணுக்குள் நுழைய கால் இடைஞ்சல், ஆகவே வெவ்வேறு வம்சத்தில் தனித்தனியாகக் கால் போயிருக்கிறது.

வேளச்சேரி_அம்மா:
அருமை, நன்றி. அப்படியானால் சாலமாண்டர்?

விலங்கியல்_வாத்தியார்:
அதுவும் பழைய உடல்வாகை வைத்துக்கொண்ட கிளைதான். முட்டையைப் பாருங்கள். பல்லியின் கருவைச் சுற்றி நீர் நிறைந்த சவ்வுப் பை உண்டு, பறவைக்கும் உண்டு, நமக்கும் உண்டு. சாலமாண்டருக்கும் தவளைக்கும் அது இல்லை. எனவே பல்லி சாலமாண்டரை விட நமக்குத்தான் நெருக்கம்! இந்தியாவில் சாலமாண்டர் வகை பார்க்க டார்ஜிலிங் மலைப் பக்கமோ வடகிழக்குப் பக்கமோதான் போக வேண்டும்.

தவளைப்பித்தன்:
தவளைக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. மழைக்கு வெளியே வரும் பலூன் தவளையும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதா நிறத் தவளையும் இரண்டுமே மண்ணுக்குள் வாழும் உருண்டைகள், ஆனால் நெருங்கிய சொந்தமே கிடையாது. 2003-ல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையின் நெருங்கிய உறவு செஷெல்ஸ் தீவில் இருக்கிறது. அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம்.

மேடம், கிண்டி பாம்புப் பண்ணைக்கும் மகளைக் கூட்டிப் போங்கள். மலைப்பாம்பு கண்ணாடியை ஒட்டிப் புரண்டு கிடந்தால் வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் நகம் மாதிரி சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும், அது பின்னங்காலின் மிச்சம். ஆணுக்குக் கொஞ்சம் பெரிசு.